முப்பத்தெட்டு

"டோக்கன் முப்பத்தெட்டு" என்று அந்தப் பெண் கூப்பிட்டதும் எழுந்துவிட்டேன். என் கையில் இருந்தது ஐம்பத்திரண்டு. வேலூரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், சர்க்கரை மாத்திரைக்காகக் காத்திருந்த நேரம். எதற்கு எழுந்தோம் என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவன் பெயரும் என் பெயரும் ஒன்று. வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில், ரங்ரூட்டாகச் சேர்ந்த முதல் வாரமே பயிற்சி தரும் உஸ்தாத் அதற்கு முடிவு கட்டிவிட்டார். ஒரே பெயரில் இருவர் இருந்தால் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம்தான் பெயர். அவன் முப்பத்தெட்டு, நான் நாற்பத்தொன்று. அவன் ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரன். நீலகிரிக் குளிருக்கே பல் தந்தியடிக்கும். கீழே மலை ரயில் கூவினால், "மாப்ளே, இதுல ஏறுனா எங்க ஆத்தாகிட்டப் போயிரலாம்ல?" என்பான்.

ஆத்தாவிடமிருந்து 56 ஏ.பி.ஓ. முகவரிக்குப் பார்சல் வரும். பிரித்தால் பொரிவிளங்காய் உருண்டை. சியாச்சினுக்கும் வந்தது. அங்கே ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்தாகிவிடும், முட்டையைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். சாதம் குக்கரில்தான் வேகும். "மாப்ளே, இந்த மலையால மாத்த முடியாத ஒரே பொருள் எங்காத்தா உருண்டைதான். ஊர்லயும் கல்லு, இங்கயும் கல்லு" என்பான். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுப்பான். காலையில் எனக்குப் பாதி கடித்துத் தருவான். மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அந்த உயரத்தில் எல்லாமே மண்ணெண்ணெய்தான். புகாரி அடுப்பின் புகை துப்பும் எச்சிலைக்கூடக் கறுப்பாக்கிவிடும்.

மேலே ஏறும்முன் பேஸ் கேம்ப்பில் ஓ.பி. பாபா கோயிலில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இத்தனை பேர் போகிறோம் என்று, அதிகாரிக்குச் சொல்வதுபோல. ஓம் பிரகாஷ் என்ற சிப்பாயின் நினைவில் வந்த கோயில் அது. இறங்கி வந்ததும் மறுபடி அங்கே நிற்க வேண்டும், இத்தனை பேர் திரும்பினோம் என்று சொல்ல. நாங்கள் திரும்பி வந்து எண்ணிக்கை சொன்னபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது.

2003 நவம்பரில் போர்நிறுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. எதிரே துப்பாக்கி இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பனியாற்றில் எதிரியைவிடக் குளிரும் காற்றும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கின்றன. வெயில் ஏறினால் பனிப்பிளவுகளை மூடியிருக்கும் பனி இளகிவிடும். அதனால் விடியுமுன்னே ஒரே கயிற்றில் பிணைந்து நடப்போம். எனக்கு முன்னால் அவன். அவன் முதுகைப் பார்த்தே பாதிச் சியாச்சினை நடந்திருக்கிறேன்.

அவனுக்கு முதலில் வந்தது வெறும் இருமல். இரண்டாம் நாள் ராத்திரி படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தே இருந்தான். ஹேப்போ என்போம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உடனே கீழே இறக்குவதுதான் மருந்து. வெளியே பனிப்புயல். சீட்டா ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை. 1984இல் இந்த மலைக்குப் படை அனுப்பிய நடவடிக்கைக்கு மேகதூத் என்று பெயர் வைத்தார்கள். மேகத்தைத் தூது விட்ட பெயர். அந்த மூன்று நாளும் மேகம் எங்களுக்கு வழிவிடவில்லை. ஆக்ஸிஜன் கொடுத்தோம். அவன் முதுகை என் நெஞ்சில் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். விடியற்காலையில் அது நின்றது. சத்தம் நின்றதும் மூச்சு சீராகிவிட்டது என்றே நினைத்தேன்.

வானம் தெளிந்த அன்று ஹெலிகாப்டர் வந்தது. கூடப் போக எனக்கு அனுமதி இல்லை. எங்கள் காவல் சௌக்கியில் ஆள் குறைவு.

எங்கள் ஊர்ப்பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலும் வீட்டுக்கு வீடு பட்டாளத்துச் செய்தி நடந்துகொண்டே இருக்கும். லீவில் வந்த யாரோ, மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இந்தப் பேருக்காரன் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறார். ஒன்றரை நாள் என் வீட்டில் ஒப்பாரி. அப்புறம், செத்தது நான் இல்லை என்று தகவல் வந்தது. பெண்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அம்மா மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அது யாரு பெத்த புள்ளடீ?" என்று கேட்டிருக்கிறாள்.

எனக்கு லீவு கிடைக்கும்வரை அம்மா காத்திருக்கவில்லை. விலாசம் விசாரித்து, என் தம்பியைக் கூட்டிக்கொண்டு, பஸ் மாறிமாறி ராமநாதபுரம் போனாள். இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்று அம்மா சாகும்வரை சொல்லவே இல்லை. திரும்பும்போது மடியில் பொரிவிளங்காய் உருண்டை கட்டிக்கொண்டு வந்தாள் என்பது தம்பி சொல்லித்தான் தெரியும்.

வருஷா வருஷம் நான் போகிறேன். ஆத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. நடு மத்தியானம் நான் கொல்லையில் வேம்படியில் நிற்பேன். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும். முதல் கூப்பாட்டுக்கு நான் வாய் திறப்பதில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிடும். அதற்குத்தான், "இந்தா வந்துட்டேன் ஆத்தா" என்பேன்.