காவல் யார் வேலை?

அரியூரில் கடல் கிடையாது. கரும்பும் நெல்லும் விழுப்புரம் சாலையும்தான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கடல் என்றால் மாசி மகம். சுற்றுவட்டக் கோயில்களின் சாமிகள் வைத்திக்குப்பம் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிற நாளில் புளிச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போவோம். கால் நனைத்து, தலையில் நீர் தெளித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவோம். இருட்டில் கடல் எப்படி இருக்கும் என்பது 43 வயதுவரை எனக்குத் தெரியாது. அதை நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

எனக்கு அந்த இருட்டைக் காட்டியது ஒரு சங்கப் பாட்டு. அகநானூற்றின் 160ஆம் பாடலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். பெண்பாற் புலவர்களின் வரிசையில் வைக்கப்படுபவர். சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடியைச் சிதைத்துக்கொண்டு ஏறிவந்து, வெண்மணல் மேட்டில் முட்டையிட்டுப் புதைத்துப் போகிறது. உருண்டையான, புலால் நாறும் முட்டைகள். அவை குஞ்சாகும்வரை ஆண் ஆமை காவல் இருக்கிறது. அப்படிப்பட்ட கானலுக்குரியவன் தலைவன் என்கிறாள் தோழி. இதுவரை இரவில் வந்துகொண்டிருந்த அவன் தேர் இன்று ஊரே பார்க்கப் பகலில் வருகிறது. ஆண் ஆமை முட்டையைக் காப்பதுபோல இவனும் சொன்ன சொல்லைக் காப்பான் என்று உள்ளுறை சொல்லி முடித்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், ஆம்பள ஆமை கரைக்கே வராது. எங்க அப்பா காட்டியிருக்காரு. வர்றது எல்லாமே பொம்பள ஆமைதான்."

பாகூர் கொம்யூனில், மூர்த்திக்குப்பம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் அவள். அவள் சொன்னது உண்மை. குஞ்சாகக் கடலில் இறங்கிய ஆண் ஆமை பிறகு மண்ணை மிதிப்பதே இல்லை. முட்டையிட வருவது பெண் மட்டும்தான். அவளும் காவல் இருப்பதில்லை. "நீங்களே வந்து பாருங்க மேடம்" என்றாள். அந்தத் தை மாதத்திலிருந்து சனிக்கிழமை இரவுகளில் போகத் தொடங்கினேன்.

போவது என்று நான் முடிவெடுத்தது ஒரு நிமிடம். வீட்டில் அது ஒரு வாரப் பேச்சு. "ராத்திரி நேரத்துல கடக்கரையில பொம்பளைக்கு என்ன வேலை?" என்றார் மாமியார். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. மாமியார் படுக்கையில் இருப்பவர். இரவு 10 மணிக்கு மாத்திரை. நடுவில் இரண்டு முறை எழுப்பிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாக அதைச் செய்தவள் நான். எந்தக் கலரில் எந்த மாத்திரை என்பது அவருடைய மகனுக்குத் தெரியாது.

பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் சொல்லும் சிறிய கடலாமை தை, மாசி, பங்குனியில்தான் கரையேறும். சென்னைக் கடற்கரையில் 1970களிலேயே சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் இரவு நடை நடந்து முட்டைகளைச் சேகரித்தார்கள். 1988இலிருந்து மாணவர் அமைப்பு ஒன்று அந்த நடையைத் தொடர்கிறது. சுப்ரஜா தாரிணி 2002இல் தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே காவலர்களாக்கியது. நான் சேர்ந்துகொண்டது அவ்வளவு பெரிய கூட்டமல்ல. மாணவியின் அப்பா, ஐந்தாறு இளைஞர்கள், வனத்துறைக் காவலர் ஒருவர், மாணவி, நான்.

வேலை எளிமையானது, அலுப்பானது. டார்ச் அடிக்கக் கூடாது. அலை ஓரமாக நடக்க வேண்டும். டிராக்டர் டயர் ஏறிப்போனது போன்ற தடம் தெரிந்தால் அது ஆமைத் தடம். தடம் முடிகிற மேட்டில் மணல் எங்கே பொலபொலப்பாக இருக்கிறது என்று கம்பால் மெல்ல ஊன்றிப் பார்த்து, பிறகு கையால் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில் விரல்நுனியில் ஈரமாக ஏதோ படும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள். உருட்டாமல், குலுக்காமல் எடுத்து, எண்ணி, சில மணி நேரத்துக்குள் வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்து, தேதி எழுதிய அட்டையை நட வேண்டும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மேலே வரும். விட்டுவைத்தால் நாயும் நரியும் தோண்டிவிடும். தப்பிப் பொரிந்தாலும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நம்பி ரிசார்ட் விளக்கையும் சாலை விளக்கையும் நோக்கி ஊரும்.

முதல் மூன்று வாரம் தடம் மட்டும்தான். நான்காவது வாரம் ஆமையையே பார்த்தேன். பின்துடுப்புகளைக் கரண்டிபோல மடித்து, ஒன்று மாற்றி ஒன்றாக மணலை அள்ளி வெளியே போட்டாள். பார்க்காமலே தோண்டும் வேலை. குழியின் சுவர் சரியவில்லை. முட்டையிட்டு முடித்ததும் மணலைத் தள்ளி மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தொப்புத் தொப்பென்று அடித்து இறுக்கினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பாருங்கக்கா, வலி தாங்காம அழுவுது. தாய் மனசு" என்றான் ஒரு பையன்.

அது அழுகை இல்லை. கடல் நீரோடு உடம்பில் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. கடலுக்குள்ளும் அது வழிந்துகொண்டுதான் இருக்கும். பெண்ணின் கண்ணில் நீர் கண்டால் அதைத் தாய்மையின் கணக்கில் எழுதிவிட நமக்கு எவ்வளவு அவசரம்! அவளோ வேலையை முடித்தாள், திரும்பினாள், கடலுக்குள் போனாள். முட்டை இருந்த பக்கம் ஒருமுறைகூடத் தலையைத் திருப்பவில்லை. அந்தப் பருவத்திலேயே இன்னொருமுறையும் வந்து இட்டுப் போவாளாயிருக்கும். எந்தக் குஞ்சின் முகமும் அவளுக்குத் தெரியாது. ஆயிரம் குஞ்சில் ஒன்று பிழைத்துப் பெரிதாகும் என்கிறார்கள். அதைக் காரணம் காட்டி யாரும் அவளைக் கெட்ட தாய் என்று சொல்வதில்லை. குழந்தையை விட்டுவிட்டு மூன்று நாள் கருத்தரங்குக்குப் போன என் தோழியை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாணவியின் அம்மா மீன் விற்பவர். விடியலில் எங்களுக்குக் கறுப்புக் காப்பி கொண்டுவந்தவர், பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "அதுக்கென்னா டீச்சரம்மா, பொறந்த மண்ணுக்குத் தானா வருது, தானா போவுது. யாரையும் கேக்கறதில்ல. நம்மள மாதிரியா, அம்மா வூட்டுக்குப் போவணும்னா ஆடியும் தலைப்பிரசவமும் வரணும்?"

அவர் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. முதல் தடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எங்கள் குழு அல்ல, பெண்கள். கழிப்பறை இல்லாத வீடுகளிலிருந்து, இருட்டுப் பிரியும் முன் கரை ஓரம் ஒதுங்கப் போகிறவர்கள். அவர்கள் வந்து சொன்ன இடத்தில்தான் பல குழிகளைத் தோண்டினோம். எனக்கு இரவுக் கடல் மறுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கோ அது விதிக்கப்பட்டிருந்தது. நான் போனால் தன்னார்வலர், சான்றிதழ்கூடத் தருவார்கள். அவர்கள் அறிந்துவைத்திருப்பதற்கு எந்தப் பெயரும் இல்லை.

ஆமை செத்து ஒதுங்கினால் பழி முதலில் மீனவர் குப்பத்தின் மேல் விழுகிறது. 2025 ஜனவரியில் தமிழகக் கரையில், முக்கியமாகச் சென்னையை ஒட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். தமிழகத்தில் விசைப்படகுகள் 5 கடல் மைலுக்கு அப்பால்தான் மீன் பிடிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த விதிகளை மீறுவது இழுவலைப் படகு. மாணவியின் அப்பாவிடம் இருப்பது ஒரு ஃபைபர் படகு. ஆனால் செய்தியில் இருவரும் 'மீனவர்கள்'.

பெயர் இல்லாமல் போவதைப் பற்றிப் பேசும்போது ஜெ. விஜயாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்த கல்லூரி மாணவி. இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று இன்று சொல்கிறோம். 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்கக் கரையில் பங்குனி ஆமைகள் கொன்று குவிக்கப்படுவதைத் தனியாகப் போய்ப் படமெடுத்தார். படங்கள் இந்தியா டுடே இதழில் வந்தன. இந்திரா காந்தி கடலோரக் காவல்படையைத் தலையிடச் சொன்னார். 1912க்குப் பிறகு ஏறத்தாழ 70 ஆண்டுகள் அறிவியலாளர் கண்ணில் படாதிருந்த பிரம்பு ஆமையைக் கேரளக் காட்டில் தேடிப் பிடித்ததும் அவர்தான். 1987இல், முப்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு விஜயாகெலிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். கடலாமைக்காக நடந்த ஆண்களின் கதைகளைச் சொல்லும் இளைஞர்களிடம் அவர் பெயரைச் சொன்னேன். ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்போது நடையின் நடுவே உட்காரும்போது, புதிதாக வருகிறவர்களிடம் என் மாணவி அந்தக் கதையைச் சொல்கிறாள்.

பொரிப்பகத்தின் மேல் நிழல்வலை கட்டுவது ஏன் என்று கேட்டபோது வந்த பதிலை வீட்டுக்கும் கொண்டுபோனேன். ஆமையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியைச் சேர்ந்த இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. "எல்லாம் பொட்டையா? எந்த வீட்டுல ஒத்துக்குவாங்க?" என்றார் மாமியார். சிரித்துவிட்டோம். ஆனால் அது பெண்ணினத்தின் வெற்றி இல்லை. பூமி சூடாவதன் அடையாளம். அப்படியே போனால் ஒரு நாள் முட்டை இருக்கும், கரு இருக்காது.

நப்பசலையாரை இன்றும் நடத்துகிறேன். அந்தப் பாடலில் உயிரியல் தவறு என்று மாணவி சொன்னதையும் சேர்த்தே நடத்துகிறேன். தாய் முகம் பார்த்து வளரும் ஆமைக் குஞ்சு ஐங்குறுநூற்றிலும் உண்டு. அதைப் பாடியவர் ஓரம்போகியார் என்ற ஆண் புலவர். பெண் புலவரோ பெண் ஆமையை முட்டையிட்டதும் அனுப்பிவிட்டுக் காவலைக் கணவனிடம் கொடுக்கிறார். கடலில் அப்படி நடப்பதில்லை. எனக்கு இப்போது அது தகவலாகப் படவில்லை, கோரிக்கையாகப் படுகிறது. காப்பது பெண்ணின் இயல்பூக்கம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காப்பது வேலை. யாரிடமும் ஒப்படைக்கலாம், யாரும் கற்றுக்கொள்ளலாம். ஓர் ஊர் சேர்ந்து செய்யலாம். தேதி அட்டையைப் பார்த்தபடி பொரிப்பகத்தின் வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மாணவியின் அப்பா இரண்டு மாதம் அதைத்தான் செய்கிறார். அவர் எந்த முட்டைக்கும் தகப்பன் இல்லை.

எங்கள் வீட்டில் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. முதல் சனிக்கிழமை இரவு என் கணவர் நான்கு முறை போன் செய்தார். நீல மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, அம்மாவை எந்தப் பக்கம் புரட்டுவது, மாற்றுத்துணி எங்கே. இரண்டாவது சனிக்கிழமை இரண்டு முறை. மூன்றாம் வாரத்திலிருந்து போன் வரவில்லை. தன் அம்மாவின் முதுகில் புண் தொடங்குவதை மாசியில் ஒரு நாள் முதலில் கவனித்தவர் அவர்தான். நான் அன்று கரையில் இருந்தேன். "பையன் கை பாரமா இருக்குது, ஆனா பதமாத்தான் புரட்டறான்" என்றார் மாமியார்.

பங்குனியோடு ஆமைப் பருவம் முடிந்துவிடும். சனிக்கிழமை முறையை மட்டும் நாங்கள் மாற்றவில்லை.