சத்தம் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை

கரண்ட் போனால்தான் நகரியில் அமைதி என்றால் என்ன என்று தெரியும். சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், சித்தூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் விசைத்தறிகளின் ஊர். 1960ல் எல்லை திருத்தப்பட்டபோது பக்கத்துத் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரி ஆந்திராவிலேயே தங்கியது. கடைப் பலகைகள் தெலுங்கில். பல வீடுகளில் பேச்சு தமிழில். தறிக்கு மட்டும் ஒரே மொழி. காலையில் ஆரம்பிக்கும் 'தடக் தடக்' இரவுவரை ஓய்வதில்லை.

அந்த மொழியில் 35 வருடம் வாழ்ந்துவிட்டு, 61 வயதில் தறிகளை மகனிடம் ஒப்படைத்த ஒருவருக்கு ஓர் ஆசை. கூடத்தில் உட்கார்ந்து சுசீலா பாட்டும் எம்.எஸ்.ஸின் சுப்ரபாதமும் நல்ல ஸ்டீரியோவில் கேட்க வேண்டும். ஒதுக்கிய பணம் 40,000 ரூபாய். மகனும் மருமகளும் அவரைத் திருப்பதியில் ஒரு கடைக்கு அழைத்துப்போனார்கள். ஆறு பெட்டி, பெரிய ஊஃபர், அட்டைப்பெட்டி மேல் தடித்த எழுத்தில் வாட்ஸ் கணக்கு. விற்பனைப் பையன் ஒரு குத்துப்பாட்டைப் போட்டதும் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"எப்பிடி இருக்குது நைனா?" என்றான் மகன்.

"சத்தம் கேக்குது. பாட்டுதான் கேக்கல."

கடைக்காரர்கள் இதைக் கிழவர்களின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடுவார்கள். உண்மையில் ஸ்டீரியோ வாங்கப் போகும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி அதில்தான் இருக்கிறது. வாட்ஸ் என்பது சத்தத்தின் அளவல்ல. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறு வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். தொண்ணூறுகளில் கையகலப் பெட்டிகளில்கூட ஆயிரம் வாட்ஸ் 'பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்தார்கள். ஒரு நொடியின் துணுக்கில் எட்டிவிட்டு இறங்கும் உச்சத்தைக் காட்டும் வித்தை அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். கணக்கு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரே வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் வரை கொடுக்கும். பத்து வாட்டில் 97. கிட்டத்தட்ட தறிக்கூடத்துச் சத்தம். வீட்டுக்குள் இன்னொரு தறிக்கூடம் எதற்கு?

அவருடைய தேவை வேறு. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் அனுமதிக்கின்றன. 95 என்றால் நான்கு மணி நேரம். விசைத்தறிக் கூடங்களில் சத்தம் இந்த வரம்பை எளிதில் தாண்டும். வீட்டோடு ஒட்டிய கூடத்துக்கு டெசிபல் மீட்டரோடு யார் வரப்போகிறார்கள்? அந்தச் சத்தம் காதை ஒரேயடியாக அடைப்பதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டுகிறது. ச, த, ப, ஸ போன்ற மெய்யொலிகளை அடையாளம் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் மேல்பகுதியில் இருக்கிறது. உயிரெழுத்தின் பலம் கீழே. அதனால் ராகம் வருகிறது, சொல் வருவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் ஏற்கனவே கேட்பதுதான் இன்னும் பலமாகக் கேட்டு, கடைசியில் காது வலிக்கிறது.

மருமகள் சொன்னதன் பேரில் மறுநாள் காது மருத்துவரிடம் போனார்கள். சோதனையில் வரைபடக் கோடு அதே இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. இடது காதில் இன்னும் ஆழமாக. போனது திரும்பாது, காது மெஷின் வைத்தால் பேச்சு தெளியும் என்றார் மருத்துவர். இசைக்கென்று தனி அமைப்பு உள்ள மெஷின்களும் இருக்கின்றனவாம். 40,000 ரூபாயில் பெரும்பகுதி அங்கே போயிற்று.

மீதியில் வாங்கியது பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ஷெல்ஃபில் வைக்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள், பேலன்ஸ் திருகுகளும் 'மோனோ' பொத்தானும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள். அவர் விரும்பும் பழைய பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றேதான் வரும், எங்கே உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை. இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' மாதிரி ஸ்டீரியோ பதிவுகளுக்குத்தான் இரு ஸ்பீக்கரும் கேட்பவரும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டும். அது மருமகளின் கவலை. சாய்வு நாற்காலியை அவள் அடிக்கடி நகர்த்திவிடுவதாகப் புகார்.

ஊஃபர் வாங்கவில்லை. தறியின் கீழ்ச்சுருதி சுவரைத் துளைத்து வருகிறது. மேல்சுருதியைச் சுவர் தடுத்துவிடுகிறது. வீட்டில் பாஸ் ஏற்கனவே இலவசம். காரை பூசிய வெறும் சுவர்களில் குரல் எதிரொலித்துக் குழம்பியதால், விற்காமல் கிடந்த சேலைத்துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார்கள். அதைவிட மெத்தை இன்னும் நன்றாக உறிஞ்சும். ஆனால் கூடத்தில் மெத்தையை யார் தொங்கவிடுவார்கள்?

ஒரு சில்லறைச் செலவும் இருந்தது. மருந்துக்கடையில் நுரை காதடைப்பான் ஒரு பொட்டலம். மகன் முகம் சுளித்தான்.

"இத வெச்சா நாடா தப்புனா தெரியாது நைனா."

"தெரியும். எல்லாம் கொஞ்சம் கம்மியாக் கேக்கும், அவ்வளவுதான். டாக்டர் சொன்னாரு."

மகன் விவாதிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு தறி ஓட்டினான்.