சினமா, நோயா?

நீதிமன்றச் செய்திகளைத் தமிழாக்கும் பத்திரிகையாளனுக்குக் 'கொலை' என்ற ஒரு சொல் போதாது. சட்டம் கொலையிலும் தரம் பிரிக்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் கொலைக்குற்றம் நிரூபணமானால், வயதுவந்த ஒருவருக்கு ஆயுள் தண்டனையைத் தவிர வேறெதனையும் நீதிபதி விதிக்க இயலாது. அதனிலும் குறைந்த ஆட்கொலைக் குற்றமென்றால் தண்டனையின் அளவு அவர் கையில்.

அவ்வாறு குறைக்கும் வழிகளுள் ஒன்று 'குறைந்த பொறுப்பு' என்னும் எதிர்வாதம். ஸ்கொட்லாந்தில் தோன்றிய இக்கொள்கையை 1957ஆம் ஆண்டின் சட்டமொன்று இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. முற்றாகப் பித்துப் பிடிக்காமலும், முற்றாகத் தெளிந்திராமலும் கொலைசெய்தவருக்கு அது இடமளித்தது. ஆனால், தம் மனநிலை பிறழ்ந்திருந்ததை எதிரியே நிரூபிக்கவேண்டும்.

இதனை எண்ணும்போதெல்லாம் கிரண்ஜித் அலுவாலியாவே என் நினைவுக்கு வருகிறார். பஞ்சாபில் பிறந்து, மணமாகி இங்கிலாந்து சென்றவர். பத்தாண்டுகள் கணவனின் அடி உதைகளைத் தாங்கியவர். 1989 மே மாதத்தில் ஓரிரவு, உறங்கிக்கொண்டிருந்த கணவன்மீது பெற்றோலை ஊற்றித் தீ மூட்டினார். சில நாட்களில் அவன் இறந்தான்.

கணவன் ஆத்திரமூட்டியதாகக் கூறிய வாதத்தை ஜூரிமார் ஏற்கவில்லை. நிதானம் திடீரெனத் தவறியிருக்கவேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆண்டுக்கணக்கில் உள்ளே கனன்ற நெருப்புக்கு அதில் இடமில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச்செய்து மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டது. காரணம், அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார் என்ற மருத்துவச் சான்று முதல் விசாரணையில் முன்வைக்கப்படாமற் போனமையே. அதன்பின், குறைந்த பொறுப்பின் அடிப்படையில் ஆட்கொலையை அவர் ஒப்புக்கொள்ள, அரச தரப்பும் ஏற்றது. சிறையில் கழித்த காலமே தண்டனையாக, அவர் விடுதலையானார்.

ஐஸ்வர்யா ராய் நடிக்க 2006இல் இக்கதை திரைப்படமாயிற்று. பெயர் 'புரவோக்ட்', அதாவது ஆத்திரமூட்டப்பட்டவள். ஆனால் நீதிமன்றம் அவரை விடுவித்தது அந்தப் பெயரிலன்று. அவரது சினத்தை மறுத்த சட்டம், நோயை ஏற்றுக்கொண்டது. அடித்தவனின் குற்றம், அடிபட்டவளின் பிணியாகப் பதிவாயிற்று.

2009ஆம் ஆண்டின் சட்டம், நிதானமிழப்பு திடீரென நிகழ்ந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. குறைந்த பொறுப்புக்கோ மருத்துவம் அங்கீகரித்த நோய்நிலை வேண்டுமென்றது. ஓர் உயிரைச் சிறையினின்று மீட்ட எதிர்வாதத்தை நான் இகழமாட்டேன். ஆயினும் 'மனநோயாளிப் பெண் விடுதலை' என்று தலைப்பிட என் பேனா துணியாது. அந்த நோய் எங்கிருந்து வந்தது என்பதும் செய்திதானே?