முகில் தங்கும் மலைக்காடு

திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நாம், பட்டிப்பொலையில் புகையிரதத்தை விட்டிறங்கி, மலைப்பாதை வழியே ஹோட்டன் சமவெளியை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் இம்மலைநிலம் 1988 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறையை நாடி ஓடிய பிள்ளைகளுக்கு முகிலையன்றி வேறொன்றும் காணக் கிட்டவில்லை. முகம் வாடித் திரும்பினர்.

இரவு கூடாரத்திற் குளிர் எலும்பைத் துளைத்தது. தீ மூட்டவெண்ணி, காய்ந்த கிளையொன்றை இழுத்து வந்தான் இளைய மகன். காவலர் தடுத்தார்.

“தம்பி, அதைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதிலுள்ள பாசிதான் நீரைப் பிடித்து வைக்கிறது.”

போர்வைக்குள் முடங்கியபடி செவிசாய்த்தோம். மழையில்லை, ஆயினும் மரங்களிலிருந்து துளிகள் இடையறாது சொட்டின. இலையும் பாசியும் முகிலை வடித்தெடுக்கும் ஓசை அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்தே நீரோடைகள் இறங்குகின்றன.

விடியலில் புல்வெளியில் மரைகள் மேய்ந்தன. கூடாரத்தைச் சுருட்டும்போது மகன் வினவினான்:

“அப்பா, இந்த நீர் எங்கள் கொட்டியாரக் குடாவுக்கும் வருமா?”

“வரும் மகனே, மகாவலி அங்கேதான் கடலைச் சேர்கிறது.”

அவன் ஒன்றும் பேசவில்லை. கிளையைத் தூக்கிச் சென்று பழைய இடத்திலேயே கிடத்திவிட்டு வந்தான்.