பெயர்ப்பலகை இல்லாத கதவுகள்

வெனிஸ் நகரில், ரியால்தோ பாலத்திற்கு அண்மையில், சான் பர்த்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை உண்டு. அதன் கண்ணாடிச் சன்னலில் ஒரு சிறு மின்பலகை ஐந்திலக்க எண் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். பயணிகள் அதை ஏதோ விளம்பரம் என்று எண்ணிக் கடந்து போவர். அது விளம்பரம் அன்று. அந்தப் பழைய தீவு நகரில் குடியிருப்போர் எத்தனை பேர் என்பதையே அது காட்டுகிறது. 2008-ஆம் ஆண்டில் அதனை அங்கே பொருத்தியபோது எண் 60,000-க்குச் சற்று மேலே நின்றது. 2022 ஆகஸ்டு மாதத்தில் அது 50,000-க்குக் கீழே இறங்கிற்று. காய்ச்சல்காரனின் உடற்சூட்டைக் குறித்து வைப்பதுபோல ஓர் ஊரின் தேய்வை மருந்துக்கடையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கோ இத்தாலியில் வீடு காலியானால் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் அவ்வூரின் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிய அனுபவம் நமக்கு உண்டு. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

நாம் உரோமையில் பயின்ற காலத்தில், கல்லூரி விடுமுறைகளில் மாணவக் குருக்கள் இத்தாலியப் பங்குகளுக்கு உதவிக்குச் செல்வது வழக்கம். 2001, 2002 ஆகிய ஈராண்டுகளிலும் பாஸ்கா காலத்தில் நாம் சென்றது வெனிஸ் நகரின் ஒரு சிறு பங்கிற்கு. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் பத்தாம் பத்திநாதர், இருபத்து மூன்றாம் அருளப்பர், முதலாம் அருள் சின்னப்பர் என மூன்று திருத்தந்தையரை வழங்கிய மறைமாவட்டம் அது. எனினும் நாம் இருந்த பங்கில் பெருமைக்கு இடமில்லை. ஒழுகும் கூரையும் முதிய பங்குத்தந்தை ஒருவரும்தாம் இருந்தனர். அவருக்கு முழங்கால் வலி. ஆகவே வீடு மந்திரிக்கும் பணி நம் தலையில் விழுந்தது.

வீடு மந்திரிப்பு என்பது நம் ஊரில் எப்படியோ, அங்கும் ஏறத்தாழ அப்படியே. தீர்த்தச் செம்புடன் படியேறுவது, மணியை அழுத்துவது, உள்ளே போய்ச் செபிப்பது, தரும் காப்பியைக் குடிப்பது. எட்டாவது வீட்டிற்குள் வயிறு காப்பியால் நிறைந்துவிடும். வெனிஸில் வீதி என்பது பெரும்பாலும் சந்து. சந்திற்கு ஒரு பெருங்கதவு, கதவின் பக்கத்தில் பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொரு பொத்தானுக்கும் எதிரே குடும்பப் பெயர். ஒரு படிக்கட்டைச் சுற்றி எட்டு வீடுகள் இருந்தால் எட்டுப் பெயர்கள். இத்தாலி மொழியை நாம் செவ்வனே கற்றது அந்தப் பெயர்களை உரக்க வாசித்துத்தான் எனலாம்.

அப்படி ஒரு படிக்கட்டின் மூன்றாம் தளத்தில் கைம்பெண் ஒருவர் வாழ்ந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். படியிறங்க இயலாத நாளில் கூடையொன்றைக் கயிற்றில் கட்டிச் சன்னல் வழியே இறக்குவார். கீழ் வீட்டுக்காரர் அதில் ரொட்டியும் செய்தித்தாளும் வைப்பார். எதிர்வீட்டுச் சிறுமி பள்ளிவிட்டு வந்ததும் அம்மையாரின் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். உள்ளிருந்து குரல் வந்தால் போதும். அது யாரும் ஏற்படுத்திய ஏற்பாடு அன்று. அடுத்தடுத்து வாழ்ந்தமையால் தானாகவே விளைந்தது.

வெனிஸ் தேய்ந்தது இந்த நூற்றாண்டில் மட்டும் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1951-இல் அந்தத் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 1980-களின் தொடக்கத்திலேயே அது ஒரு லட்சத்திற்கும் கீழே வந்துவிட்டது. கரையிலுள்ள மார்கேராவின் ஆலைகளும், மெஸ்த்ரேயின் புதிய அடுக்குவீடுகளும், காரை வாசலில் நிறுத்தும் வசதியும் மக்களை இழுத்தன. 1966 நவம்பர் 4-ஆம் நாள் கடல் 194 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பொங்கி வந்தபின் தரைத்தள வீடுகளில் இருந்தோர் பலர் திரும்பவே இல்லை. இவை பழைய நோய்கள். இவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்தது.

அதன் பிறப்பு எளியது. 2008-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், வாடகைக்குத் திண்டாடிய இளைஞர்கள் தம் கூடத்தில் காற்று மெத்தையை விரித்து விருந்தினருக்கு இடம் தந்த எண்ணத்திலிருந்து ‘ஏர்பிஎன்பி’ எனும் நிறுவனம் தோன்றிற்று. வீட்டுக்காரர் தாம் வாழும் வீட்டிலேயே ஓர் அறையை அயலானுக்குத் தருவது. கேட்க நன்றாகவே இருந்தது. விருந்தோம்பலைப் போற்றும் நமக்கு அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் விரைவிலேயே அறை முழு வீடாயிற்று. வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். விருந்து இருந்தது. ஓம்புவோரைக் காணோம்.

இத்தாலியச் சட்டமும் இதற்கு வழி விட்டிருந்தது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குடும்பத்திற்கு வீட்டை வாடகைக்கு விட்டால் பொதுவாக நான்கு ஆண்டுகள், அதன்பின் மேலும் நான்கு ஆண்டுகள் என்பது ஒப்பந்தம். குடியிருப்போரைக் காக்க வந்த நல்ல சட்டம். சுற்றுலாவுக்கென விடும் வீட்டை அது கட்டுப்படுத்தவில்லை. ஒருபுறம், எட்டாண்டுக் கட்டு. வாடகை வராமல் போனால் நீதிமன்றத்திற்கு நடையாய் நடக்க வேண்டும். மறுபுறம், மூன்று இரவுக்கு ஒருவர், நான்கு இரவுக்கு ஒருவர், பணம் முன்னதாகவே கையில், வீடும் எப்போதும் தம் கையில். வருவாயும் பன்மடங்கு. பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்த எவரும் எதைத் தேர்வார்?

2025 யூபிலி ஆண்டில், மே மாதம், நம் பங்கிலிருந்து திருப்பயணிகள் சிலரை உரோமைக்கு அழைத்துச் சென்றோம். பதுவை அந்தோனியாரைத் தரிசிக்காமல் திரும்ப நம் மக்கள் இசைவார்களா? பதுவையிலிருந்து வெனிஸ் தொடர்வண்டியில் அரைமணித் தொலைவுதான். மற்றவர்கள் மாற்கு பேராலயத்தின் வரிசையில் நிற்கையில், நாம் பழைய சந்துகளைத் தேடிப் போனோம்.

முதலில் மாறியிருந்தது ஒலி. சக்கரம் வைத்த பெட்டிகளைக் கற்படிகளில் இழுக்கும் கடகட ஓசை காலை முதல் இரவு வரை ஓயவில்லை. அடுத்து, பித்தளைப் பொத்தான்கள். அந்தப் படிக்கட்டில் எட்டுப் பொத்தான்கள் அப்படியே இருந்தன. பெயர்கள் இரண்டே இருந்தன. மற்றவற்றில் எண்களும், வீட்டுக்கு யாரோ வைத்த செல்லப்பெயர்களும். கதவோரம் எண்பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகள் தேன்கூடு போலத் தொங்கின. எண்ணைக் கைப்பேசியில் பெற்றவர் தாமே பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து, உள்ளே போகலாம். வருபவரை வரவேற்க ஒரு முகம் வேண்டியதில்லை. உள்ளே போனவர் மூன்று நாட்களில் யாரையும் அறியாமல், யாராலும் அறியப்படாமல் வெளியேறுவார்.

அம்மையாரின் பேரனை ஒரு காப்பிக் கடையில் சந்தித்தோம். நாற்பது வயது இருக்கும். கண்டதும் “டோன்!” என்று எழுந்து நின்றார். அங்கே குருக்களை அப்படித்தான் அழைப்பர். பாட்டி உயிரோடு இருக்கிறார், மெஸ்த்ரேயில் மகளுடன் இருக்கிறார் என்றார். தொண்ணூற்றைத் தாண்டிவிட்டவர், நினைவும் தப்பிக்கொண்டிருக்கிறதாம். அவரை யார் வெளியேற்றினார்? யாரும் இல்லை. கீழ் வீட்டுக்காரர் இறந்தார், அவர் பிள்ளைகள் வீட்டை இரவு வாடகைக்கு விட்டார்கள். எதிர்வீட்டுக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் உரிமையாளர் புதுப்பிக்கவில்லை. கூடையில் ரொட்டி வைக்க ஆளில்லை. கதவைத் தட்டச் சிறுமி இல்லை. ஓர் இரவு அம்மையார் குளியலறையில் விழுந்து, விடியும்வரை தரையிலேயே கிடந்தார். சுவருக்கு அப்பால் நால்வர் உறங்கிக்கொண்டிருந்தனர். அம்மையார் கூப்பிட்ட மொழி அவர்களுக்கு விளங்கியிருக்காது. அதன்பின்பே மெஸ்த்ரே.

“இப்போது அந்த வீடு?” என்று கேட்டோம்.

“அதையும்தான் விட்டிருக்கிறேன், டோன். பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். அவளுக்குச் சம்பளம் அந்த வாடகையிலிருந்துதான் போகிறது. வேறு எங்கிருந்து கொடுப்பேன்?” என்றார்.

நாம் என்ன விடை சொல்வது? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல ஆண்டுகள் அமர்ந்த பழக்கத்தால், தீங்கைக் கண்டால் செய்தவரைத் தேடுகிறது நம் மனம். இங்கே தீங்கு கண்முன் இருக்கிறது. செய்தவரைக் காணவில்லை. பேரன் செய்தது பாட்டியின் பராமரிப்பு. கீழ் வீட்டுப் பிள்ளைகள் செய்தது தம் சொத்தை நிர்வகித்தது. விருந்தினர் செய்தது குடும்பத்தோடு ஊர் பார்த்தது. இப்படிப்பட்ட தீங்கை ஒவ்வொருவர் மனச்சாட்சியிடமும் ஒப்படைத்துவிட்டு ஆள்வோர் ஒதுங்கிக்கொள்ளலாகாது என்பது நம் கருத்து. ஆயிரம் நியாயமான முடிவுகள் சேர்ந்து ஓர் அநியாயத்தை உண்டாக்கும்போது அதைத் தடுக்க வல்லது பொதுச் சட்டமே.

2023 செப்டம்பரில் அங்குள்ள குடிமக்கள் குழு ஒன்று கணக்கிட்டது. விடுதிகளையும் இவ்வீடுகளையும் சேர்த்துப் பயணிகளுக்கான கட்டில்கள் 49,693. குடியிருப்போர் 49,304. உறங்க வருவோர்க்கான இடம் வாழ்வோரை மிஞ்சிவிட்டது. அவர்களுக்குக் கட்டில் விரிக்கும் பெண்களும், உணவகங்களில் தட்டுக் கழுவும் வங்காளதேச இளைஞர்களும் ஊருக்குள் வீடு கிடைக்காமல் கரையில் தங்கி, கடற்பாலம் கடந்து வேலைக்கு வருகின்றனர். பல்கலைக்கழக மாணவர் அறைக்கு அலைகின்றனர். ஆள் குறைந்தால் ரொட்டிக்கடை மூடும், அந்த இடத்தில் முகமூடிக் கடை திறக்கும். ரொட்டிக்கடை மூடிய தெருவில் இன்னொரு கிழவி எப்படி வாழ்வாள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலைத் தடுக்க வழி கண்டுவிட்டார்கள். 2020 அக்டோபர் 3-ஆம் நாள், 78 மடைக்கதவுகள் முதன்முறையாக எழும்பி, பொங்கிவந்த நீரை நகரின் வாசலிலேயே நிறுத்தின. அத்திட்டத்தின் பெயர் ‘மோசே’. செங்கடலைப் பிளந்தவரின் பெயரை நினைவூட்டத்தான் அப்படிச் சுருக்கினார்கள் போலும். நீர் நின்றது, மக்கள் வெளியேறுவது நிற்கவில்லை. 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாட்களில் ஊர் பார்க்க வந்து மாலையில் திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினர். உள்ளே இரவு தங்குவோருக்கு அக்கட்டணம் இல்லை. அவர்கள் தங்கும் வரி செலுத்துகிறார்கள் என்பது விளக்கம். சரிதான். ஆனால் சதுக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு மாலையில் திரும்புபவரா ஒரு குடும்பத்தின் வீட்டை எடுத்துக்கொள்கிறார்?

வேறு நகரங்கள் துணிந்திருக்கின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாட்களுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரரும் உடனிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது, பதிவும் வேண்டும். காற்று மெத்தைக் காலத்து எண்ணத்திற்கே அது திரும்பியிருக்கிறது. நமக்கு அதுவே அறிவுடைய செயலாகப் படுகிறது. பார்சலோனா இன்னும் கடுமையாகப் போகிறது. அங்குள்ள 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவதாக அதன் மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். வெனிஸுக்கென்றே வரம்பு விதிக்கும் அதிகாரத்தை இத்தாலிய நாடாளுமன்றம் 2022-இல் வழங்கிற்று. ஈராண்டு கழிந்தும் நகராட்சி வரம்பு எதையும் விதிக்கவில்லை. 2025 தொடக்கத்திலிருந்து நாடெங்கும் ஒவ்வொரு வீட்டிற்கும் அடையாள எண் கட்டாயமாயிற்று. எண்ணுவதற்கு உதவும், குறைப்பதற்கு அதுவே போதாது. பாட்டியின் ஒரே வீட்டை விடுபவரையும் இருபது வீடுகளை வளைத்துப் போட்டவரையும் ஒரே கோலால் அளந்தால் முதலாமவர் மட்டுமே அடிபடுவார் என்ற அச்சமும் அவ்வூரில் இருக்கிறது. அந்த அச்சத்தை நாம் தள்ளிவிட மாட்டோம்.

திருப்பயணம் போகும் நம் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பயண முகவர் “அருமையான வீடு, கோவிலுக்குப் பக்கம், சமைத்துக்கொள்ளலாம்” என்று சொல்லும்போது, அங்கே முன்பு யார் இருந்தார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. உரோமையிலும் பதுவையிலும் துறவற இல்லங்கள் பல, பயணிகளை ஏற்கின்றன. கட்டில் சற்றுக் கடினம், இரவில் கதவடைக்கும் நேரம் உண்டு, சோறு கிடைக்காது. ஆனால் அந்தக் கூரையின் கீழிருந்து எந்தக் குடும்பமும் வெளியேற்றப்படவில்லை.

பிரியும் வேளையில் பேரன் ஒன்று சொன்னார். கீழ்ச்சந்தில் உள்ள மருத்துவமனையில் வேலை பார்க்கும் இளந்தம்பதி ஒன்று வீடு கேட்டு வந்ததாம். கைக்குழந்தையும் உண்டு. வாடகை பாதியாகக் குறைந்தாலும் கொடுக்கலாமா என்று தம் மனைவியோடு இரண்டு வாரம் பேசியிருக்கிறார். வாடகை நின்றால் ஈடு செய்யவும், பாட்டி காலமானபின் வீட்டை விற்க வேண்டி வந்தால் திரும்பப் பெறவும் யாராவது எழுத்தில் உறுதி தந்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்திருப்பேன் என்றார். நகராட்சி அலுவலகத்திலும் கேட்டிருக்கிறார். நாம் அவரைப் பார்த்த நாள்வரை அப்படி ஓர் உறுதி அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. தம்பதி மெஸ்த்ரேயில் வீடு பார்த்துவிட்டார்கள்.