கடலோரச் சிற்றூர்களும் ஒரு பெயர்ப்பலகையும்



கடந்த பள்ளி விடுமுறையில் நானும் என் நண்பரும் மேற்கொண்ட ஒருநாள் பயணத்தை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ‘நீ சென்று வந்த சுற்றுலா’ என்று ஆண்டுதோறும் மாணவர்களைக் கட்டுரை எழுதப் பணிக்கின்ற நாம், நாமே ஒன்றை எழுதிப் பார்ப்பதும் நல்லதுதானே!

நண்பரும் தமிழாசிரியர்தாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் பயின்றவர்கள் நாங்கள். முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி ஓய்வு பெற்றுவிட்டார். “இனி மணியடிக்க யாருமில்லை. ஒருநாளாவது அவசரமின்றி ஊர் ஊராகப் போய் வருவோம்” என்றார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பேராக் மாநிலத்துக் கோலா செபெத்தாங் வரை செல்வதென முடிவாயிற்று. வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். நாங்களோ அதில் ஏறுவதே இல்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

காலையில் புக்கிட் மெர்தாஜாமில் தோசையும் தே தாரிக்குமாகப் பசியாறிவிட்டு, சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப் வழியாக நிபோங் திபால் நோக்கிச் சென்றோம். சாலையின் இருபுறமும் ஆங்காங்கே செம்பனை மரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர்களுள் பலர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கரும்பு போய் இரப்பர் வந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து மக்களுள் பெரும்பாலோர் லயங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். ஆனால், பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் அந்தத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. பைராம், டிரான்ஸ்கிரியான் போன்ற பெயர்களை நம் மாணவர்கள் விளையாட்டுப் போட்டிகளின்போது கேட்டிருப்பார்கள். டிரான்ஸ்கிரியான் என்றால் ‘கிரியானுக்கு அப்பால்’ என்று பொருள். இத்தனை ஆண்டுகளில் என் மாணவர் எவருக்கும் நான் இதைச் சொன்னதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

கிரியான் ஆற்றைக் கடந்து பாரிட் புந்தாரை அடைந்ததும் காட்சி மாறிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்வெளி. 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் கால்வாய்கள் சாலையோடு கூடவே வந்தன. தஞ்சோங் பியாண்டாங்கில் சிறிது நேரம் நின்று கடற்காற்று வாங்கினோம். பின்னர்க் கோலா குராவ் சென்று, ஆற்றோரம் அணிவகுத்து நின்ற மீன்பிடிப் படகுகளைப் பார்த்தவாறு ஒரு கடையில் அமர்ந்தோம்.

புறப்பட்டதிலிருந்தே நண்பர் வழக்கத்திற்கு மாறாக அமைதியாக இருந்தார். “என்ன வாத்தியாரே, ஓய்வூதியம் இன்னும் வரவில்லையா?” என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“பேரனுக்கு அடுத்த ஆண்டு ஏழு வயது. மகன் அவனை வேறு பள்ளியில் பதிந்துவிட்டான்” என்றார்.

மகனும் மருமகளும் கோலாலம்பூரில் பணிபுரிகிறார்கள். அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்திலிருந்து தமிழ்ப்பள்ளி தொலைவு. காலையில் கொண்டுபோய் விடவும் மாலையில் அழைத்து வரவும் ஆளில்லை. இவையெல்லாம் பொய்க் காரணங்கள் அல்ல என்பதை நண்பரும் ஒப்புக்கொண்டார்.

“அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தவன் நான். என் பேரனுக்கு என் பெயரைத் தமிழில் படிக்கத் தெரியாது. வெளியில் சொன்னால் வெட்கம்” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெற்றோர் கூட்டங்களில் நான் எத்தனையோ முறை இதைப் பற்றி உரக்கப் பேசியிருக்கிறேன். ‘தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாதவர்கள் தமிழர்களா?’ என்றுகூட ஒருமுறை கேட்டதுண்டு. அன்று எவ்வளவு கைதட்டல்! அந்தக் கேள்வி என் நண்பரின் முகத்திற்கு நேரே எழும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. இருவரும் எழுந்தோம்.

கோலா குலாவில் சதுப்புநிலப் பறவைகளைக் காணலாம். வடக்கே குளிர் மிகும் காலத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இக்கரைக்கு வந்து இளைப்பாறிச் செல்கின்றன. நாங்கள் சென்றது அதற்குரிய பருவமன்று. சில கொக்குகளைத்தாம் கண்டோம். “மலாய் மொழியில் குலா என்றால் சர்க்கரை. பெயரில்தான் இனிப்பு” என்று நண்பர் முதன்முறையாகச் சிரித்தார். அங்கிருந்து கடலோரம் நேர்வழி இல்லை. செமாங்கோல் வந்து, சிம்பாங், மாத்தாங் வழியாக மீண்டும் கடலை நோக்கித் திரும்பிக் கோலா செபெத்தாங்கை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது.

இவ்வூரைச் சூழ்ந்திருப்பது மாத்தாங் சதுப்புநிலக் காடு. சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள இக்காடு ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகத் திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ முப்பதாண்டு வளர்ந்த மரங்களை வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் கன்று தழைக்காவிட்டால் மீண்டும் நடுகிறார்கள். குவிமாடம் போன்ற சூளைகளில் அம்மரங்கள் கரியாகின்றன. வெட்டவெட்டக் காடு அழியாமல் இருப்பதன் இரகசியம் இதுதான்.

மீ உடாங் சாப்பிட்டுவிட்டுக் கடைவீதியில் நடந்தோம். அங்கேதான் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டோம்.

கோலா செபெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் பிரெடெரிக் வெல்டின் பெயரால் அமைந்தது. மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இவ்வூருக்குத்தான் போடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. லாருட் ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு வருவதே நோக்கம். இப்போது தண்டவாளமும் இல்லை, இரயிலும் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் ரோமன், ஜாவி, சீனம் ஆகிய எழுத்துகளோடு தமிழ் எழுத்திலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

நண்பர் அருகில் சென்று, முதலாமாண்டு மாணவனைப் போல் ஒவ்வோர் எழுத்தாக விரலால் காட்டிப் படித்தார். பின்னர்த் திரும்பி என்னிடம், “படிக்க ஆளில்லாமல் எவனாவது பலகையில் எழுதுவானா? தமிழ் படித்தவர்கள் இந்த நிலையத்தில் இறங்கி ஏறியிருக்கிறார்கள்” என்றார்.

எவ்வளவு எளிய உண்மை! ‘இந்நாட்டை உருவாக்கியதில் தமிழருக்கும் பங்குண்டு’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதைக் கேட்கும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஒரு பலகையின் முன் நிறுத்தி, ‘இதை யாருக்காக எழுதினார்கள்?’ என்று கேட்டிருந்தால் அவர்களே விடையைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

நண்பர் அந்தப் பலகையைப் படமெடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் மகனைத் தொலைபேசியில் அழைத்தார். கண்டிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “விடுமுறை முடிவதற்குள் பையனை ஒரு வாரம் என்னிடம் விட்டுவை. இரயில் இல்லாத இரயில் நிலையம் ஒன்றைக் காட்ட வேண்டும்” என்றார்.

அடுத்த வாரமே பேரன் வந்துவிட்டான். அதே சிறிய சாலை, அதே ஊர்கள். போவதற்கு முந்திய மூன்று நாளும் தாத்தாவும் பேரனும் தரையில் அமர்ந்து, அந்தப் பெயருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் எழுதிப் பழகினார்களாம். பலகையின் முன் நின்று, தட்டுத்தடுமாறிப் படித்து முடித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, “தாத்தா, இதில் உங்கள் பெயர் ஏன் இல்லை?” என்பதாம். அன்றிரவே தாத்தாவின் பெயரை எழுதக் கற்றுக்கொண்டான்.

பள்ளி மாறவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால், சனிக்கிழமைதோறும் மாலையில் தாத்தாவும் பேரனும் கைப்பேசித் திரையில் சந்திக்கிறார்கள். ஒரு வாரம் ஓர் ஊர்ப்பெயர் என்பது அவர்களின் பாடத்திட்டம். பாகான் செராய் வரை வந்துவிட்டார்கள் என்று சென்ற வாரம் நண்பர் பெருமையோடு கூறினார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் பயின்றாலும், அடுத்த விடுமுறையில் ஒருநாள் நெடுஞ்சாலையை விட்டிறங்கிச் சிற்றூர்களின் வழியாக அழைத்துச் செல்லுங்கள். கடைப்பலகை, கோயில் வாயில், பழைய கல்லறை என்று எங்கேனும் தமிழ் எழுத்து தென்படும். நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்களே, வர இயலாதவர்களை ஏசுவதைக் குறைத்து, வந்து சேர வழி காட்டுவோம். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.