நாலாவது கப்பு

பெரியப்பா வண்டிக்கு நான் கிரீஸ் அடித்தது ஒரே ஒரு கோடை லீவில்தான். 2008. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். அக்கா கல்யாணம் என்று ஊருக்குப் போன கிளீனர் பையன் திரும்பி வரவில்லை. "சும்மாதான உக்காந்திருக்கற, வண்டில ஏறுடா கண்ணு" என்றார். நாமக்கல்லில் எங்கள் தெருவில் லாரியோடு ஏதோ ஒரு ஒட்டு இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் அதுவரை நான் வண்டியை மேலிருந்துதான் பார்த்திருந்தேன்.

அடியில் போனால் வேறு உலகம். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சு வரைக்கும் குழாய் மாதிரி நீளமாக ஒரு ஷாஃப்ட். நடுவில் ஒரு சென்டர் பேரிங் தாங்கிப் பிடித்திருக்கும். இன்ஜின் அசையாமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. பின் அச்சோ பட்டையோடு சேர்ந்து பள்ளத்துக்குப் பள்ளம் ஏறி இறங்குகிறது. நேர்க்கம்பியாக இருந்தால் முதல் பள்ளத்திலேயே முறிந்துவிடும். அதனால் நம் முழங்கை மாதிரி மூன்று இடத்தில் மடங்க ஜாயின்ட் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குள்ளும் கூட்டல் குறி வடிவில் ஒரு இரும்பு. பட்டறையில் அதற்குப் பெயர் கிராஸ். அதன் நாலு முனையிலும் நாலு கப்பு. கப்புக்குள் ஊசி ஊசியாக உருளைகள். கிராஸின் நடுவயிற்றில் ஒரு நிப்பிள். அங்கே அடிக்கிற கிரீஸ் உள்ளே நாலாகப் பிரிந்து நாலு கப்புக்கும் போகும்.

பெரியப்பா சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "நிப்பிள வேஸ்ட் துணில தொடச்சிட்டு வையி, இல்லாட்டி மண்ணையும் சேத்து உள்ள தள்ளிருவ. பழைய கிரீஸ் கறுப்பா வரும். அது போயி புதுசு வரணும். நாலு பக்கமும் வரணும். ஒரு பக்கம் வந்தாப் பத்தாது." மூன்று கிராஸ், பிறகு ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற ஸ்லிப்புக்கு ஒரு நிப்பிள். ஷாஃப்ட்டுக்கு மட்டும் நாலு. பட்டை, கிங்பின் எல்லாம் தனி.

கைக்கன்னில் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பத்து அடியில் தோள்பட்டை கழன்றுவிடும். பழைய கிரீஸ் மூஞ்சியில் சொட்டும். மே மாத வெயிலில் தகரம் கொதிக்கும். பின் அச்சுப் பக்கத்து ஜாயின்ட்டில் மூன்று கப்பு வழியாகப் பளபளவென்று புதுக் கிரீஸ் எட்டிப் பார்த்தது. நாலாவதில் வரவில்லை. இன்னும் அஞ்சு அடி. வந்த வழியாகவே வழிந்ததே தவிர நாலாவது அசையவில்லை. "ஆச்சாடா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"ஆச்சுங் பெரியப்பா."

அந்த நடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நடைக்கும் ஆகவில்லை. இரண்டு முறையும் அந்தக் கப்பு வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. மூன்றாவது நடை தாவணகெரெயிலிருந்து மக்காச்சோளம், கோழித்தீவனத்துக்கு. ஓசூர் தாண்டியபோதே கியர் மாற்றினால் அடியில் 'டக்' என்று ஒரு தட்டு. பெரியப்பா ரேடியோவை நிறுத்தினார். மெதுவாகப் போகும்போது குருவி கத்துகிற மாதிரி கீச் கீச் என்று ஒரு சத்தம். தர்மபுரி தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டார். கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய். லோடு வண்டி அங்கே இன்ஜின் பிடித்துத்தான் இறங்க வேண்டும். பாதி இறக்கத்தில் ஷாஃப்ட் கழன்றால் கீழ் கியரில் போட்டும் பயனில்லை. சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும், பிரேக் மட்டுமே மிச்சம். அது சூடேறினால் அதுவும் இல்லை. அந்த இறக்கத்தில் வருஷா வருஷம் என்ன நடக்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் ஷாஃப்ட்டைக் கழற்றினோம். ஷாஃப்ட் இல்லாத வண்டியைக் கியர் பிடித்து நிறுத்தாது. தர்மபுரி மெக்கானிக் கிராஸைத் தட்டி எடுத்தார். மூன்று கப்பு கறுப்பாக ஈரமாக இருந்தது. நாலாவதில் செங்கல் பொடி மாதிரி துரு. ஊசிகள் பாதி நொறுங்கிப்போய், மீதி கிராஸின் முனையில் கோடு கோடாகப் பதிந்திருந்தன. அந்த ஊசிகள் முழுசாக உருள்வதில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் துளி அசையும். அதனால் கிரீஸ் வற்றினால் ஒரே இடத்தையே அரித்துக் குழியாக்கிவிடும். இது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அன்றைக்குத் தெரிந்தது வயிற்றைப் புரட்டிய அந்தச் சிவப்புப் பொடி மட்டும்தான்.

பெரியப்பா பழைய கிராஸை தினத்தந்தியில் சுற்றி எடுத்துக்கொண்டார். நாலு மாசத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பட்டறையில் போட்டது அது. ஊர் வந்ததும் குளிக்கக்கூட இல்லை, நேராக அங்கே போனார். "ஏனுங், இந்த லட்சணத்துல போட்டுக் குடுத்தா நாங்க உசுரோட வர வேண்டாமா? சீல் உக்காராம தண்ணி பூந்திருக்குது பாருங்!" பட்டறைக்காரர் அவர் வயசுதான். பேசாமல் காகிதத்தைப் பிரித்தார். நாலு கப்பையும் வரிசையாக வைத்தார். விரலில் அந்தச் செம்பொடியைத் தொட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். சண்டை போடுகிற பார்வை இல்லை அது. எந்தக் கை கிரீஸ் அடித்தது என்று பார்த்த பார்வை.

"சரக்கு சரியில்லீங்" என்றார். "நான் வேற தர்றனுங்." புதுக் கிராஸுக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் அந்தப் பக்கமாகப் போனபோது கூப்பிட்டார். கழற்றிப் போட்ட ஒரு ஷாஃப்ட்டைக் காட்டி, "அடி" என்றார். அதிலும் ஒரு கப்பு வரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி வைத்தார். கடப்பாரையை யோக்குக்கு இடையில் கொடுத்து லேசாக நெம்பி, அந்தக் கப்புப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டார். "இப்ப அடி." முதலில் கறுப்பு, பிறகு மஞ்சள் எட்டிப் பார்த்தது. "இதுக்கும் வரலைன்னா கப்பக் கழட்டித் தொடைக்கோணும். காத்துக் கன்ன வெச்சு வெறியா அடிச்சா சீல் பிதுங்கிரும்." திரும்பப் பூட்டும்போது இரண்டு முனை யோக்கும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை.

ஏன் என்பதை டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் படித்தேன். வளைந்து நிற்கிற ஒற்றை ஜாயின்ட் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தரம் வேகம் கூடி இரண்டு தரம் குறையும். இரண்டாவது ஜாயின்ட் அதைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் யோக்குகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். புத்தகத்தில் அதற்கு ஹூக்ஸ் ஜாயின்ட் என்று பெயர், பதினேழாம் நூற்றாண்டு ராபர்ட் ஹூக்கின் பெயரால். கோணம் கொடுத்து வேகம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் கிரீஸ் வராது. நான் அதில் முழு மார்க் வாங்கினேன்.

பெரியப்பா வண்டியை விற்றுப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஜாயின்ட் பேச்சு வந்தால் அந்தப் பட்டறைக்காரர் போட்ட மோசமான சரக்கைப் பற்றித்தான் சொல்வார். போன பொங்கலுக்கும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.